பார்க்க வேண்டிய நாட்கள்

மே மாதத்தில் ஏதாவதொரு நாள் காலை எழும்பூர் ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். தெற்கிலிருந்து வரும் வண்டிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். அப்பா ஆபீசில் ஒரு வாரம் லீவு சொல்லியிருப்பார். கையில் ஒரு பட்டியல் இருக்கும்: மெரினா, வண்டலூர் உயிரியல் பூங்கா, எழும்பூர் மியூசியம், தி. நகர், மகாபலிபுரம். நான்கு நாள் அந்த அனலில் அலைந்துவிட்டு, ஐந்தாம் நாள் முகம் கறுத்துப் போய் ஊர் திரும்புவார்கள். கேட்டால், மெட்ராஸில் வெயிலையும் கூட்டத்தையும் தவிர என்ன இருக்கிறது என்பார்கள்.

திருநெல்வேலியிலிருந்து நானும் பல வருஷம் அப்படித்தான் வந்து போனேன். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த வாரம் நான் சென்னையில்தான் இருந்தேன். மாமல்லபுரத்துப் பாறையில் கை வைக்க முடியவில்லை. அர்ச்சுனன் தபசைப் பத்து நிமிடம்கூட நின்று பார்க்க முடியவில்லை. மயிலாப்பூரில் குடியிருந்த அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து திண்ணையில் சரிந்தபோது அத்தை சொன்னாள்: "ஊரைப் பாக்க வந்தியா, வெயிலைப் பாக்க வந்தியாடே? மார்கழில வா, நான் காட்டுதேன்."

அவள் பேச்சைக் கேட்டு அந்த மார்கழியிலேயே வந்தேன். அன்றிலிருந்து ஆண்டுதோறும் மார்கழிக்கும் பங்குனிக்கும் நடுவில் ஒருமுறையாவது வருகிறேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் வரைபடத்தை அப்புறம் விரித்துக்கொள்ளலாம், முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம். டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் இருப்பதுபோல எந்த மாதம் வந்தாலும் வாய்பிளந்து பார்க்கும்படியான கட்டடங்கள் சென்னையில் குறைவு. சென்னை நாட்களில் இருக்கிறது. அந்த நாளில் அந்த இடத்தில் இருந்தால் கிடைக்கும். மறுநாள் போனால் அது வெறும் தெரு.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் சொல்லிவிட்டார். மயிலாப்பூர் வணிகர் சிவநேசர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கே மணம்முடித்துத் தர நினைத்திருந்தார். பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாம்பு தீண்டியது. எரித்த சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டுச் சம்பந்தருக்காகக் காத்திருந்தார் தகப்பன். சம்பந்தர் வந்து குடத்தின் முன் நின்று பதிகம் பாட, பெண் உயிர்பெற்று எழுந்தாள் என்பது கதை. போன உயிரைத் திரும்ப அழைக்க அவர் பாடியது எதை என்று பாருங்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அந்த ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இதைக் காணாமலா போகிறாய் பெண்ணே என்று ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறார். செத்தவளையே திரும்பி வரச் செய்யும் என்று அவர் நம்பியது அந்த ஊரின் திருநாட்களைத்தான். சென்னைக்கு வரும் விருந்தாளிக்கு இதைவிடப் பழைய, இதைவிட நல்ல வழிகாட்டி வேறு கிடையாது.

அந்தப் பட்டியலில் ஐப்பசியையும் கார்த்திகையையும் வெளியூர்க்காரர்கள் விட்டுவிடலாம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் தொடக்கத்து வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் செய்ததையும் எல்லோரும் பார்த்தோம். மார்கழி பிறந்தபின் வண்டி ஏறுங்கள்.

மார்கழிச் சென்னை விடியும் முன்பே தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போய்விட வேண்டும். வாசல்தோறும் கோலம், கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார்மேல் பூசணிப்பூ. அபார்ட்மென்ட்கள் வந்து வாசல்கள் குறைந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் இருக்கிற வாசலில் போடுகிறார்கள். ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி நடக்கும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியையே கோலப் போட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். போட்டி முடிந்த பின் அந்த வீதியில் கால்வைக்க மனசு வராது. பாபநாசம் சிவன் பல்லாண்டுகள் நடத்திய வீதி பஜனை இதே நான்கு வீதிகளில்தான் நடந்தது. இன்றும் குழுக்கள் ஜால்ராவோடு பாடிக்கொண்டு சுற்றி வருகின்றன. பின்னாலேயே ஒரு சுற்று நடந்துவிட்டு, கோயிலில் தொன்னையில் தரும் சூடான பொங்கலை வாங்கிச் சாப்பிடுங்கள். அன்றைய காலைக்கு அது போதும்.

பிறகு சீசன். டிசம்பரில் ஏன் கச்சேரி சீசன் என்று பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் காங்கிரஸ் மாநாடுகள் டிசம்பர் கடைசியில்தான் கூடும். 1927இல் மாநாடு சென்னையில் நடந்தபோது அதை ஒட்டி ஒரு அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தீர்மானத்தால் 1928இல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. மாநாட்டுக்கு வாய்த்த மாதமே இசைக்கும் நிலைத்துவிட்டது. இன்று டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி. நகர் பக்கம் எத்தனை மேடைகள் என்று எண்ணி மாளாது. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

புதிதாக வருகிறவர்கள் பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலைந்து, கிடைக்காமல் சோர்ந்து போகிறார்கள். என் யோசனை வேறு. சபாக்களின் மதியக் கச்சேரிகளுக்குப் போங்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை. பாடுகிறவர்கள் இளையவர்கள், நாளைக்கு மாலை மேடைக்கு வரப் போகிறவர்கள். அரங்கில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். முதல் வரிசையில் உட்கார்ந்து, வயலின்காரரும் பாடகரும் கண்ணால் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விட்டவுடன் எழுந்து கேன்டீனுக்கு ஓடாதீர்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். அடை அவியலும் கீரை வடையும் எங்கேயும் போய்விடாது. கச்சேரிக்குப் போகாதவர்களுக்கும் கேன்டீனில் இலை உண்டு.

பாட்டின் சொல் புரிந்தால்தான் மனம் ஒட்டும் என்பவர்கள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு ஓரம் கட்டப்படுகிறது என்ற வருத்தத்தில் 1943இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் கடைசியில் அங்கே நடக்கும். ஆடல் பார்க்க வேண்டுமானால் திருவான்மியூர் கலாக்ஷேத்திரா. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய பள்ளி அது. அந்த வளாகத்து மரநிழலில் நடப்பதற்காகவே போகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சபாக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்காரர்கள். வடசென்னையிலிருந்தோ மீனவக் குப்பத்திலிருந்தோ வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தக் குறையை உணர்ந்து பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பறையாட்டமும் அங்கே ஒரே மேடையில் ஏறின. நல்ல இசைக்குக் கடற்காற்றும் மணலும் இடைஞ்சல் இல்லை என்பதை அது காட்டியது.

சீசன் முடிவதும் புத்தகக் காட்சி தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். பபாசி என்று எல்லோரும் சொல்லும் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் இதை 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் இருபத்திரண்டு கடைகளோடு தொடங்கியது. காயிதே மில்லத் கல்லூரியில் பல ஆண்டுகள் நடந்து, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நிற்கிறது. ஓர் ஊர் அளவுக்குப் பெரிய பந்தல். வரிசை வரிசையாகக் கடைகள், தரையில் பலகை, கால்பட்டுக் கிளம்பும் புழுதி. பொங்கல் விடுமுறையில் போனால் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். புத்தகத்தை எடுத்து நான்கு பக்கம் புரட்ட வேண்டும் என்றால் வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும். எங்கும் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. சாகித்ய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் கடைகளை விட்டுவிடாதீர்கள். நல்ல மொழிபெயர்ப்புகள், கைக்கு அடக்கமான விலையில்.

எனக்கு இந்தப் பந்தல்மேல் தனிப் பிரியம் உண்டு. எங்கள் ஊரில் தமிழ் நாவல் ஒன்றைத் தேடினால் இரண்டு கடை ஏறி இறங்கியும் கையை விரிப்பார்கள். இங்கே எழுதியவரே பதிப்பாளர் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் ஒரு பேருந்து நடத்துனர், காக்கிச் சட்டையோடே வந்து கவிதைத் தொகுப்பு ஒன்றை வாங்கி, எழுதியவரிடமே கையெழுத்துக் கேட்டு நின்றதைப் பார்த்தேன். "எத்தனை வரி வேணும்னாலும் எழுதுங்க சார், ஷிப்ட் முடிஞ்சுதான் வந்திருக்கேன்" என்றார். அந்தக் கவிஞர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொடுத்தார்.

பொங்கலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பொங்கலுக்கு அவரவர் ஊரில் இருப்பதுதான் அழகு. சென்னையில் இருக்க நேர்ந்தால், பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும் சென்னை சங்கமத்தில் கரகத்தையும் தேவராட்டத்தையும் ஒயிலாட்டத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். காணும் பொங்கலன்று மெரினாவில் மணல் தெரியாத அளவுக்கு ஜனம் இருக்கும். காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் செல்பேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதைக் கட்டிக்கொள்ளாமல் குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். தீவுத்திடல் பொருட்காட்சியும் இதை ஒட்டித்தான் தொடங்கும். பிள்ளைகளுக்கு ராட்டினமும் டெல்லி அப்பளமும் இருந்தால் போதும்.

தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவுகள் கபாலீசுவரர் கோயில் குளத்தில் தெப்பம். விளக்குச் சரம் கட்டிய தெப்பம் மெல்ல நகர, படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருக்கும் ஊர் சேர்ந்து திரும்பிப் பார்க்கும். நாகஸ்வரம் நீரின்மேல் வேறுமாதிரி கேட்கும். அவ்வளவுதான் அந்த விழா. அதற்காகத் தனியாக ஒருமுறை வரலாம்.

இனி நான் சொல்லப் போவது எந்தச் சுற்றுலாப் பேருந்தும் கூட்டிக்கொண்டு போகாத ஓர் இரவு. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரைக்கு ஆமைகள் முட்டையிட வருகின்றன. இந்த ஆமைக்குத் தமிழில் பெயரே பங்குனி ஆமை. கடலுயிருக்குக்கூட இந்த ஊரில் ஒரு மாதத்தின் பெயர் வாய்த்திருக்கிறது. 1988இலிருந்து மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று, சீசன் முழுக்க ஒவ்வோர் இரவும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம்.

நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டோம். டார்ச் அடிக்கக் கூடாது, செருப்பு கையில், பேச்சு மெதுவாக. கல்லூரிப் பிள்ளைகள்தான் முன்னால் நடந்தார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பெண் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினாள். மணலில் டிராக்டர் சக்கரம் போன தடம்போல ஒன்று கடலிலிருந்து ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்குள் இறங்கியிருந்தது. "ஆமை வந்துட்டுப் போயிடுச்சு அண்ணா" என்றாள். மெல்லிய குச்சியால் மணலைத் தட்டித் தட்டிப் பார்த்து, மண் இளகிய இடத்தில் கையால் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில், வாய் குறுகி அடி பெருத்த பானை வடிவில் ஒரு குழி. உள்ளே டேபிள் டென்னிஸ் பந்து போன்ற முட்டைகள். நூற்றுப் பதினொன்று. எண்ணிப் பையில் வைக்கும்போது என் கையிலும் ஒன்றைத் தந்தார்கள். தோல்போல மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது.

அந்த முட்டைகளைப் பெசன்ட் நகர்க் கரையில் வேலியடைத்த பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். இடத்திலேயே விட்டால் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரித்து வரும் குஞ்சுகளுக்கும் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல். காலங்காலமாகக் கடல்தான் இரவில் வெளிச்சமாக இருந்தது. இப்போது சாலை விளக்குதான் வெளிச்சம். குஞ்சுகள் சாலையை நோக்கி நகர்ந்து சாகின்றன. ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளுக்குப் பின் பொரிப்பகத்தில் வெளிவரும் குஞ்சுகளை மாலை வேளைகளில் கடலோரம் விடுகிறார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு, அலை புரட்டிப் போட்டாலும் நிமிர்ந்து மறுபடி கடலை நோக்கியே போகும். அதைப் பார்த்த என் மகள் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த நடையில் செத்த ஆமைகளையும் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் சாகின்றன. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி கடலில் நடைமுறைக்கு வர வேண்டும். அதற்கு இந்தக் கரையில் நடந்து, கண்ணால் பார்த்தவர்கள் பெருக வேண்டும் என்பதாலும் உங்களை அழைக்கிறேன்.

சம்பந்தர் சொன்ன மாசிக் கடலாட்டு இன்றும் நடக்கிறது. மாசி மகத்தன்று மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சுவாமிகள் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி காண்பார்கள். இந்தச் சில ஆண்டுகளாக ரமலான் மாதமும் மாசி, பங்குனியை ஒட்டியே வருவதால் திருவல்லிக்கேணியில் இன்னொன்றையும் பார்க்கலாம். வாலாஜா பள்ளிவாசலில் மாலை நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு, மயிலாப்பூரிலிருந்து வரும் இந்துத் தொண்டர்கள் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு உணவு பரிமாறுகிறார்கள். பிரிவினைக் காலத்தில் சிந்துவிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய வழக்கம். பத்திரிகைக்காரர்கள் இல்லாத நாளிலும் அதே ஒழுங்கில் நடக்கிறது.

கடைசியாக, மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழா. பத்து நாள் விழாவில் எட்டாம் நாளை மட்டும் பார்த்தாலும் போதும். காலையில் குளக்கரையில் சம்பந்தர், சிவநேசர், பூம்பாவை திருமேனிகளை எழுந்தருளச் செய்து, ஓதுவார் பதிகம் பாடுவார். விழாக்களை அடுக்கிக் கேட்கும் அந்தப் பாட்டைப் பங்குனி விழாவிலேயே, அந்த ஊரிலேயே நின்று கேட்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் அறுபத்து மூவர் புறப்பாடு. வேட்டுவரான கண்ணப்பர், குயவரான திருநீலகண்டர், மீனவரான அதிபத்தர் என்று எல்லாக் குலத்து நாயன்மார்களும் சிறு சிறு சப்பரங்களில் கூப்பிய கையோடு கபாலியைப் பார்த்தபடி வருவார்கள்.

வெயில் இருக்கும். ஆனால் தெருவே பந்தலாகி இருக்கும். நீர்மோர், பானகம், புளியோதரை, தயிர்சாதம், விசிறி என்று கொடுக்காத வாசல் இல்லை. வடசென்னையிலிருந்து மினி லாரியில் அண்டாவோடு வந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சபாக்களில் நான் தேடிக் காணாத சென்னை அங்கே மொத்தமாக நிற்கும். போன தடவை ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, "ரெண்டாவது டம்ளரும் குடிச்சிட்டுப் போ ராசா, இன்னும் மூணு வீதி இருக்கு" என்றாள். நடைபாதையில் மாக்கல் சட்டி, மரச்செப்பு, பனைவெல்லம், வளையல். அத்தை போன பிறகும் நான் இந்த நாளைத் தவறவிட்டதில்லை.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் பங்குனி கஷ்டம்தான். அவர்களுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது, சீசனோடும் கோலத்தோடும். மற்றவர்கள் இன்றைக்கே பஞ்சாங்கத்தை எடுத்து அடுத்த பங்குனி உத்திரம் என்று வருகிறது என்று பாருங்கள். அதற்கு ஓரிரு நாள் முன்பு அறுபத்து மூவர் வரும். ரயிலில் அறுபது நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள்.